செஞ்சி மலையில் வீணான குண்டுகளும் கடலூரில் இறந்துபோன கணக்குக்காரரும்

ராஜகிரி உச்சிக்கு ஏறி முடிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் தண்ணீர் குடிப்பார்கள். அப்புறம் அங்கே கிடக்கிற பீரங்கிமேல் கை வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். போன தை மாசம் நான் மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் அவன் அப்பாவிடம் கேட்டான்: "இதுல சுட்டா எவ்ளோ தூரம்பா போகும்?" அப்பா யோசிக்கவே இல்லை. "பாண்டிச்சேரி வரைக்கும் போகும்டா."

பாண்டிச்சேரி வரைக்கும் போகாது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வேறு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு தூரம் போகும் என்பது இருக்கட்டும், அதே பீரங்கியில் அதே மருந்தையும் அதே குண்டையும் போட்டு இரண்டு தடவை சுட்டால், இரண்டும் ஒரே இடத்தில் விழுமா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது கோட்டையிலிருந்து இல்லை. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகிற ஒரு நண்பர், வெளிநாட்டில் நீண்டதூரப் போட்டிக்காரர்கள் வெறும் தோட்டாக் கூடுகளை, அதாவது சுட்டு முடித்த பித்தளைக் குப்பிகளை, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து எடை பார்த்துப் பிரித்து வைப்பார்கள் என்று சொன்னார். கூட்டின் கழுத்துச் சுவர் எவ்வளவு தடிமன் என்று அளப்பார்களாம். தங்க நகைக் கடையில்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் போலிருக்கே என்று சிரித்தேன். "கை நடுங்கினா கை தப்பு. கை நடுங்காமலேயே குண்டு தப்பிப் போனா, தப்பு எங்க இருக்குன்னு தேடணுமில்ல?" என்றார் அவர்.

அந்தத் தப்பை முதன்முதலில் முறையாகத் தேடிய மனிதர் செஞ்சியிலிருந்து வானவழியில் 70 கிலோமீட்டருக்குள் இறந்துபோனார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவர் இந்தக் கரைக்கு வந்து இரண்டு மாசத்தில், செஞ்சி மலைகளிலிருந்து ஒரு ராத்திரி முழுக்கச் சுட்டும் கோட்டையைக் காப்பாற்ற முடியாமல் போனது. இந்தப் பதிவு அந்த இரண்டைப் பற்றியும்.

முதலில் அந்த ராத்திரி.

செஞ்சி என்றால் நமக்கெல்லாம் தேசிங்கு ராஜன், அவன் குதிரை, அவன் நண்பன். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்களுக்கு ராஜாராமும், 1690 முதல் 1698 வரை இழுத்தடித்த சுல்பிகர்கான் முற்றுகையும் தெரியும். 1750 நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எட்டு வருஷம் மொகலாயப் படையை வெளியே நிற்கவைத்த கோட்டை அந்த வருஷம் ஒரே ராத்திரியில் போனது. பேசக் கூச்சமாகத்தான் இருக்கும்.

கர்நாடக நவாபு பட்டத்துக்கு முகமது அலியும் சந்தா சாகிபும் அடித்துக்கொண்ட காலம். முகமது அலி பக்கம் ஆங்கிலேயர், சந்தா சாகிபு பக்கம் பிரெஞ்சுக்காரர். 1750 செப்டம்பர் ஆரம்பத்தில் திருவதிகைப் பக்கம் தோற்ற முகமது அலியின் படையில் பெரும்பகுதி செஞ்சிக்கு ஓடி வந்து ஒதுங்கியது. துரத்திக்கொண்டு முன்னால் வந்தவர் புஸ்ஸி. அவரிடம் இருந்தது ஏறத்தாழ 250 ஐரோப்பியர்கள், 1,200 சிப்பாய்கள், சில சிறு பீரங்கிகள். எதிரே இருந்தவர்கள் பல ஆயிரம். போதாக்குறைக்கு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலை, மூன்றையும் இணைத்து ஓடும் மதில்.

செப்டம்பர் 11 அன்று வெளியே நடந்த சண்டையில் நவாபுப் படை உடைந்தது. பின்னாலிருந்து பிரெஞ்சுக்காரர்களின் பெரும்படையும் வந்து சேர்ந்துகொண்டது. புஸ்ஸி கீழ்க்கோட்டை வாசலை வெடிவைத்துத் தகர்த்து ஊருக்குள் புகுந்துவிட்டார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம். மூன்று மலைகளுக்கு நடுவே, கிண்ணத்தின் அடியில் நிற்பதுபோல நிற்கிறார்கள். மூன்று பக்கமும் மேலேயிருந்து பீரங்கி, துப்பாக்கி, ராக்கெட்டு எல்லாம் பொழிகிறது. கும்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், நிலவு மறைகிற வரைக்கும் அவர்கள் அந்தத் தீக்குக் கீழே பதுங்கிக் காத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். நிலவு மறைந்ததும் மூன்று கூட்டமாகப் பிரிந்து மூன்று மலையிலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். விடிகிறபோது மூன்றும் அவர்கள் கையில்.

இந்த நிலவு விஷயத்தை நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1750 செப்டம்பர் 11 ராத்திரி வளர்பிறை, தசமி, ஏகாதசி வாக்கில் வருகிறது. அப்படியென்றால் நிலவு மறைய நள்ளிரவு நன்றாகத் தாண்டியிருக்கும். ஓர்ம் சொல்வது பொருந்துகிறது. அதாவது பொழுது சாய்ந்ததிலிருந்து ஏழெட்டு மணி நேரம், முக்கால் நிலவு வெளிச்சத்தில், கீழே அடைந்து கிடக்கிற ஆட்களைப் பார்த்து மேலேயிருந்து சுட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுப் பக்கம் செத்தவர்கள் சொற்பம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. ஒன்று துரோகம், நம் ஊரில் எந்தக் கோட்டை விழுந்தாலும் யாராவது ஒருவர் கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். இன்னொன்று ஐரோப்பியத் துப்பாக்கி உசத்தி, நாட்டுத் துப்பாக்கி மட்டம். இரண்டையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு பிரெஞ்சு சிப்பாய் தூக்கிக்கொண்டு வந்த மஸ்கட்டும் நூறு கெஜத்துக்கு அப்பால் ஒரு தனி ஆளைக் குறிபார்த்து அடிக்கிற சாமான் இல்லை. புஸ்ஸி தன் துப்பாக்கியை நம்பவில்லை. இருட்டில் மேலே ஏறிக் கிட்டே போய் முடித்துக்கொள்வதுதான் அவர் திட்டம். வாசல்களை உடைக்கத்தான் வெடிமருந்து, மற்றதெல்லாம் கத்தியும் பயனெட்டும்.

தப்பு குண்டு வெளியே வந்த விதத்தில் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான தப்பு.

பென்ஜமின் ராபின்ஸ் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் 1707-ல் பிறந்தவர். குவேக்கர் குடும்பம், அதாவது போரே கூடாது என்கிற கிறிஸ்தவப் பிரிவு. பையன் கணக்கில் புலி. எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் பீரங்கிக் கணக்கில் வந்து நின்றார். 1742-ல் பீரங்கிக் கலையின் புதிய கொள்கைகள் என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். மூன்றே வருஷத்தில் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ஆய்லர். மூலத்தைவிட ஆய்லர் எழுதிச் சேர்த்த விளக்கம் பெரிசு. 1746-ல் ராயல் சொசைட்டி ராபின்ஸுக்கு காப்லி பதக்கம் கொடுத்தது.

அதற்கு முன்னால் துப்பாக்கிக் குண்டின் வேகம் என்ன என்று யாராலும் நேராக அளக்க முடியவில்லை. ராபின்ஸ் ஒரு கனத்த ஊசல் செய்தார். முக்காலியிலிருந்து தொங்கும் இரும்பு, அதன் முகத்தில் தடித்த மரப்பலகை. பலகையில் சுட்டால் குண்டு உள்ளே பாய்ந்து நிற்கும், ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடுகிறது என்பதை ஒரு நாடா வைத்து அளந்து, எடைகளைக் கணக்கில் போட்டால் வேகம் கிடைக்கும். நொடிக்குச் சுமார் 1,700 அடி என்று வந்தது. ஊசலைத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டுப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. குண்டு போகப் போக வேகம் படு மோசமாகக் குறைகிறது. காற்று அவ்வளவு பிடித்து இழுக்கிறது. கலிலியோ காலத்திலிருந்து எல்லோரும் காற்றைக் கணக்கில் சேர்க்காமல் அழகான வளைகோடு வரைந்துகொண்டிருந்தார்கள். காகிதத்தில் சரியாக வரும், களத்தில் வராது.

என்னை அதிகம் பிடித்துக்கொண்டது அவருடைய வேறொரு சோதனை. துப்பாக்கியை அசையாமல் கட்டிவைத்து, எதிரே தூரம் தூரமாக மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டு, அவற்றைத் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி சுட்டார். துளைகளைப் பார்த்தால் குண்டு எந்த வழியாகப் போனது என்று தெரிந்துவிடும். துப்பாக்கி அசையவில்லை, ஆனால் குண்டு ஒரு தடவை இடப்பக்கம் வளைந்து போகிறது, இன்னொரு தடவை வலப்பக்கம். நேர்கோட்டில் விலகிப் போகவில்லை, போகப் போக வளைகிறது.

ராபின்ஸ் சொன்ன காரணம் சுழற்சி. அந்தக் காலத்துத் துப்பாக்கியில் குண்டு குழலைவிடச் சின்னது. ஆங்கிலேயப் படையின் மஸ்கட்டில் குழல் 0.75 அங்குலம், குண்டு 0.69 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. கருமருந்து எரிந்தால் குழலுக்குள் கரி படியும். இறுக்கமான குண்டு என்றால் நாலாவது தடவை உள்ளே இறங்காது, அதனால் வேண்டுமென்றே சின்னதாக வார்த்தார்கள். அந்தத் தொளதொள குண்டு குழலுக்குள் இங்கே தட்டி அங்கே தட்டி வெளியே வரும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கு ஏற்றபடி ஒரு சுழற்சி ஒட்டிக்கொள்ளும். சுழலும் பந்து காற்றில் வளையும். ஃப்ரீகிக்கில் பந்து சுவரைச் சுற்றிக்கொண்டு கோலுக்குள் போவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான்.

நம்பாதவர்களுக்காக ஒரு வேலை செய்தார். ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்தார். அதில் சுட்டால் குண்டு இடப்பக்கம்தான் போகும் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் வளைந்த குழலில் குண்டு வலதுசுவரை உரசிக்கொண்டு வரும், அதனால் அது பிறகு வலப்பக்கம் திரும்பும் என்றார் ராபின்ஸ். சுட்டுக் காட்டினார். குண்டு இடப்பக்கமாகக் கிளம்பி, வளைந்து, வலப்பக்கம் போய் விழுந்தது. இந்த விளைவுக்கு நூறு வருஷம் கழித்து மாக்னஸ் என்ற ஜெர்மானியரின் பெயரை வைத்துவிட்டார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

அப்படியானால் மருந்து? குண்டுக்கு நாமே ஒரு சுழற்சி கொடுத்துவிடுவது. பம்பரம் மாதிரி, போகிற திசையையே அச்சாக வைத்துச் சுழன்றால் எந்தப் பக்கமும் வளையாது. குழலின் உள்ளே திருகுபோல வரி வெட்டுவது, அதாவது ரைஃபிள், வேட்டைக்காரர்களிடம் ராபின்ஸுக்கு முன்னால் இரண்டு நூற்றாண்டாகவே உண்டு. நம் நாட்டுத் திரித்துப்பாக்கிகளிலும் சுருள்வரி வெட்டியவை உண்டு. அது ஏன் நேராகப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். 1747-ல் ராயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் ராபின்ஸ் அதைச் சொன்னார். குண்டு உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கலாம் என்றார். வாய் வழியாக அடித்து இறக்குவதைவிடப் பின்பக்கமாகப் போடுவது நல்லது என்றார். ரைஃபிளைப் புரிந்துகொண்டு தன் படைக்கு முதலில் கொடுக்கிற நாடு, எந்தப் புது ஆயுதமும் இதுவரை யாருக்கும் தராத அனுகூலத்தைப் பெறும் என்றும் முடித்தார்.

இப்படிப்பட்ட ஒருவரை கிழக்கிந்தியக் கும்பெனி வேலைக்கு எடுத்தது. எதற்கு? மதில் கட்ட. மெட்ராஸை 1746-ல் பிரெஞ்சுக்காரர்களிடம் பறிகொடுத்து 1749-ல் திரும்ப வாங்கியிருந்த நேரம். கோட்டைகளைச் சரிபண்ணத் தலைமைப் பொறியாளர் வேண்டும். ராபின்ஸ் 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். கும்பெனியின் தலைமை இடம் அப்போது அதுதான். கிளைவும் அந்த வருஷங்களில் அதே கோட்டையில்தான் வேலை பார்த்தார்.

செப்டம்பரில் ராபின்ஸுக்குக் காய்ச்சல். அதே செப்டம்பரில் செஞ்சி. செஞ்சி விழுந்த சேதி ஒரு சில நாளில் கடலூருக்கு வந்திருக்கும் என்பது என் ஊகம். நோய்ப் படுக்கையில் அவர் அதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார் என்பதும் ஊகம்தான். மலைமேலிருந்து சுட்டவர்கள் செய்த ஒவ்வொரு காரியத்திலும் இருந்த கோளாறை அவர் எட்டு வருஷம் முன்னாலேயே அச்சில் போட்டிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அங்கேயிருந்து கீழே நிற்பவனைச் சுட்டால் சாய்வுத் தூரம் சில நூறு கெஜம். அந்தத் தூரத்தில் தொளதொள குண்டு எந்தப் பக்கம் வளையும் என்று பகவானுக்குத்தான் தெரியும். கீழ்நோக்கிச் சுடுவதில் இன்னொரு வம்பும் உண்டு. மலை வேட்டைக்காரர்கள் அனுபவத்தில் அறிந்தது. குண்டைப் பூமி இழுப்பது படுக்கைத் தூரத்துக்கு ஏற்றபடிதான். கண்ணுக்குத் தெரிகிற சாய்வுத் தூரத்துக்கு ஏற்ப முனையைத் தூக்கிப் பிடித்தால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். செங்குத்து கூடக்கூட இந்தப் பிழையும் கூடும். அதற்கும் முன்னால், குழலைக் கீழே சாய்த்ததுமே, சரியாக அடைப்பு வைக்காத குண்டு உருண்டு முன்னால் வந்துவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் சந்து விழுந்தால் வேகமும் போச்சு, குழலும் வெடிக்கலாம். அவசரத்தில், இருட்டில், ஆளாளுக்குக் கையால் மருந்து அளந்து கொட்டிய துப்பாக்கிகள். ஒருவன் துப்பாக்கியின் இரண்டு வெடியே ஒன்றுபோல இருக்காது எனும்போது, ஆயிரம் பேர் சுட்டால் என்ன?

தோட்டா இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் ஏரிக்கரையில் நரிக்குறவர் ஒருவர் துப்பாக்கிக்கு மருந்து கெட்டிப்பதை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு சின்னத் தகர மூடிதான் அளவு. அதில் மருந்தை எடுத்து, விரலால் மட்டம் தட்டி, குழலுக்குள் கொட்டுவார். தேங்காய் நாரை வைத்துக் கோலால் இடிப்பார். எண்ணி இடிப்பார், எங்களில் யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் அதட்டுவார். அப்புறம் ரவை, மறுபடி நார். வேறு மூடியை ஏன் எடுக்க மாட்டார், ஏன் எண்ணுகிறார் என்று அன்றைக்குப் புரியவில்லை. அவர் ராபின்ஸைப் படித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். கொக்கு தப்பினால் சாயந்திரம் சோறு தப்பும்.

ஐரோப்பியப் படைகளில் அந்தத் தகர மூடியின் வேலையைக் காகிதம் எடுத்துக்கொண்டது. ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிக் கட்டிவைத்தால் அதுதான் தோட்டா. சிப்பாய் பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்டுவான். அளவு முன்கூட்டியே நிறுத்ததுதான், ஆனாலும் ஒரு ஓட்டை இருந்தது. பற்றவைக்கும் கிண்ணத்தில் போடவேண்டிய சிட்டிகை மருந்தையும் அதே தோட்டாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். பதட்டத்தில் கொஞ்சம் கூட விழுந்தால் உள்ளே போவது குறையும். அளவு மறுபடி கைக்கே வந்துவிட்டது.

ராபின்ஸ் சொன்ன ரைஃபிள் சாதாரணப் படைவீரன் கைக்கு வர நூறு வருஷம் ஆனது. 1849-ல் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி அடியில் குழிவுள்ள நீண்ட குண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இறக்கும்போது தொளதொளவென்று இறங்கும், வெடித்ததும் அடிப்பக்கம் விரிந்து சுருள்வரியைக் கவ்விக்கொள்ளும். இங்கிலாந்தின் என்ஃபீல்டு ரைஃபிள் அந்த வழியில் வந்ததுதான். அதன் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா 1857-ல் என்ன செய்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். (வேலூர்க் கலகத்தை இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. அது 1806, காரணம் தலைப்பாகை. தோட்டா இல்லை.)

1860-களில் அந்த என்ஃபீல்டையே பின்வாய் திறக்கும் ஸ்னைடராக மாற்றினார்கள், காகிதம் போய்ப் பித்தளை வந்தது. பித்தளைக் கூடு மருந்தைப் போட்டு வைக்கிற டப்பா மட்டும் இல்லை. வெடிக்கும்போது அழுத்தத்தில் விரிந்து குழலின் பின்வாயோடு ஒட்டிக்கொண்டு புகை பின்னால் வராமல் அடைக்கும்; அழுத்தம் போனதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வரும். விரியவும் வேண்டும், கிழியக் கூடாது, திரும்பச் சுருங்கவும் வேண்டும். இரும்பு, ஈயம், செம்பு எல்லாம் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் சறுக்கும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை நின்றது.

நண்பர் தராசில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னது இந்தக் கூட்டைத்தான். ஒருமுறை சுட்ட கூடு அந்தத் துப்பாக்கியின் உள்வடிவத்துக்கு விரிந்திருக்கும். போட்டிக்காரர்கள் அதை மறுபடி பயன்படுத்தும்போது அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள், நீண்டுபோன கழுத்தை வெட்டி எல்லாவற்றையும் ஒரே உயரம் ஆக்குவார்கள், அடியில் தீப்பொறி நுழையும் துளையில் பிசிர் இருந்தால் எடுப்பார்கள். வெளி அளவு ஒன்றாக இருக்கிற இரண்டு கூட்டில் ஒன்று எடை கூடுதல் என்றால் அதன் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு என்று அர்த்தம். அதே மருந்து குறுகிய இடத்தில் எரிந்தால் அழுத்தம் கூடும், வேகம் கூடும், தூரத்தில் குண்டு மேலே போய் அடிக்கும். கழுத்து ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் குண்டு குழலுக்குள் கோணலாகக் கிளம்பும். ஒவ்வொன்றும் முடிகனம்தான். முந்நூறு மீட்டர் தள்ளி இந்த முடிகனமெல்லாம் சேர்ந்து ஒரு கை அகலம் ஆகிவிடும். ராபின்ஸ் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் பிடித்த அதே திருடனை இவர்கள் மைக்ரோமீட்டர் வைத்துத் தேடுகிறார்கள்.

எனக்கு இதில் பிடித்தது கழுத்தைச் சுட்டு இளக்கும் வேலை. பித்தளையை அடிக்க அடிக்க, அழுத்த அழுத்த, விறைத்துப்போகும். நாலைந்து தடவை சுட்டு, அச்சில் அழுத்திய கூட்டின் கழுத்து விறைத்து, குண்டைப் பிடிக்கும் பிடி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஆகும். கடைசியில் வெடிப்பு விடும். அதனால் கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்குவார்கள். அடிப்பக்கம் சூடாகக் கூடாது, அது இளகினால் வெடிக்கும்போது ஆபத்து. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் அடிக்கும் கன்னார் பட்டறையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தகட்டைச் சுத்தியால் தட்டிக் குழித்து, நடுவில் நிறுத்தி, உலையில் காட்டி எடுத்து, மறுபடி தட்டுவார்கள். அப்படிப் பதம் பார்க்காமல் ஒரே மூச்சில் அடித்தால் குடம் விளிம்பில் பிளக்கும். அதே உலோகம், அதே பதம்.

இந்தப் பதத்தை உலகத்துக்குப் பாடமாக நடத்தியதே நம் மழைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? பிரிட்டிஷ் இந்தியப் படையில், பித்தளைக் கூடுகள் யாரும் தொடாமலேயே மழைக்காலத்தில் பெட்டிக்குள் வெடிப்பு விட்டுக் கிடந்தன. மழைக்காலத்தில் வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தோட்டாக்களைக் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, மழை ஈரம், இரண்டும் சேர்ந்தன. அது மட்டும் போதாது. கூட்டைச் செய்யும்போது இழுத்து இழுத்து உருவாக்கிய இறுக்கம் பித்தளைக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது. அம்மோனியா அந்த இறுக்கமான இடத்தைப் பார்த்துக் கடிக்கிறது. இதை 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். மிதமான சூட்டில் வைத்து இறுக்கத்தைத் தளர்த்திவிட்டால் வெடிப்பு வராது. உலோகவியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற பாடம். பாடப் புத்தகத்தில் குதிரை இருக்கும், இந்தியா இருக்கும், கன்னார் மட்டும் இருக்க மாட்டார்.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? நீலகிரியில் அருவங்காட்டில் 1903-லிருந்து தோட்டா மருந்து செய்கிற கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை. வேட்டை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு முடிந்தது. தோட்டாவை வீட்டில் வைத்து மறுபடி நிரப்புகிற வெளிநாட்டுப் பழக்கம் இங்கே பொழுதுபோக்காகச் செய்கிற காரியம் இல்லை. உரிமம் இல்லாமல் கை வைத்தால் ஆயுதச் சட்டம் பாயும். மிச்சம் இருப்பது போட்டி. இளவேனில் வாலறிவன் தெரியும் இல்லையா? 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம். வளர்ந்தது குஜராத்தில், 1999-ல் பிறந்தது கடலூரில். அந்தப் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். மருந்தும் கிடையாது, பித்தளையும் கிடையாது, காற்றழுத்தம் மட்டும்தான். அங்கேயும் எந்தப் பெட்டி ஈயரவை எந்தக் குழலுக்கு ஒத்துப்போகிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

ராபின்ஸ் அந்தச் செப்டம்பர்க் காய்ச்சலில் தப்பினார், ஆனால் தேறவில்லை. 1751 ஜூலை 29 அன்று கடலூரில் இறந்தார். கும்பெனி இயக்குநர்களுக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார், கையில் பேனா இருந்தது என்று சொல்வார்கள். அவர் திட்டம் போட வந்த கோட்டையை 1758-ல் லல்லி பிடித்து இடித்துப்போட்டார். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை 1761 வரை வைத்திருந்தார்கள், அங்கேயும் அவர்களைக் கொன்றது பெரும்பாலும் காய்ச்சல்தான்.

செஞ்சியிலிருந்து திரும்பும் வழியில் தேவனாம்பட்டினத்துக்கும் ஒரு நடை போனேன். கெடிலம் கரையில் செங்கல் மிச்சங்கள் இருக்கின்றன. கடற்கரையில் ஒரு பலூன் கடை போட்டிருந்தார்கள். பலகையில் வரிசையாகக் குத்திவைத்த பலூன்களை ஏர்கன்னால் சுட வேண்டும். நானும் காசு கொடுத்து ஆறு சுட்டேன். ரெண்டு உடைந்தது. கடைக்காரப் பையன் என் தோளைத் தட்டி, "சார், இந்தக் கன்னு கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், தள்ளிப் புடிங்க" என்றான்.

1752-ல் மேஜர் கின்னீர் என்று ஒருவர், ஐரோப்பாவிலிருந்து வந்த கையோடு, செஞ்சியைப் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பி, மலையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி, விக்கிரவாண்டியில் அடி வாங்கின கதை இருக்கிறது. அது அடுத்த பதிவில்.